தானே சாப்பிட, தானே டிராயர் போட: நர்சரி வயதில் தற்சார்பு வளர்வது எப்படி

ப்ரீ கே.ஜி.யில் புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தையின் உடைமைகளை ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் கிளிப் வைத்த டிபன் பாக்ஸ். இறுக்கித் திருகிய தண்ணீர் பாட்டில். கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், காலில் லேஸ் கட்டிய ஷூ. டிராயருக்குக் கொக்கியும் ஜிப்பும். இவற்றில் ஒன்றைக்கூட அந்தக் குழந்தையால் தனியாகத் திறக்கவோ கழற்றவோ முடியாது. பசித்தால் மிஸ் வர வேண்டும், தாகம் எடுத்தால் ஆயா வர வேண்டும், ஒன்றுக்கு வந்தால் இருவரில் ஒருவர் ஓடி வர வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, "எதையுமே தானா செய்ய மாட்டேங்குது" என்று குழந்தை மேல் குறை சொல்கிறோம்.

நர்சரி வயதில் தற்சார்பு என்றால் பெரிய விஷயம் எதுவும் இல்லை. தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடுவது, தண்ணீர் ஊற்றிக் குடிப்பது, கழிப்பறைக்குப் போய்வருவது, கை கழுவுவது, செருப்பும் உடுப்பும் போடுவது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, வேண்டியதை வாய் திறந்து கேட்பது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அவ்வளவுதான். குழந்தையைத் தனியே விட்டுவிடுவது தற்சார்பு அல்ல. சொன்னதைக் கேட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதும் அல்ல. பெரியவர் அருகிலேயே இருக்கிறார், கையை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்கிறார்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும், அந்தக் கைக்கு அடங்க வேண்டும். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துத் தர வேண்டும். செய்து முடிக்க நேரம் கொடுக்க வேண்டும். மூன்றும் பெரியவர்களின் பொறுப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் குழந்தைக்கு வருவது கோபமும் அழுகையும்தான்.

இந்த வயதில் ஏன்?

ஒன்றரை வயது தாண்டியதும் பிள்ளைகள் "நானே, நானே" என்று ஆரம்பித்துவிடும். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் குழந்தைப் பருவத்தைக் கட்டங்களாகப் பிரித்தபோது, ஏறத்தாழ மூன்று வயது வரையிலான இந்தக் காலத்தைத் தன்னாட்சிக்கும் வெட்கம், ஐயத்துக்கும் இடையிலான இழுபறி என்று விவரித்தார். கை கால் வசப்படும் நேரத்தில் முயன்று பார்க்க இடம் கிடைத்தால் "என்னால் முடியும்" என்ற எண்ணம் நிலைக்கும். ஒவ்வொரு முயற்சியும் தடுக்கப்பட்டாலோ கேலி செய்யப்பட்டாலோ குழந்தை தன்னையே நம்பாமல் போகும்.

இதை வகுப்பறையில் நடைமுறையாக்கிக் காட்டியவர் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய பள்ளியில் மேசை, நாற்காலி, குடம், துடைப்பம் எல்லாமே குழந்தையின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்றபடி இருந்தன. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். தமிழ்நாட்டில் இந்த முறைக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு உண்டு. ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, உள்ளே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஊட்டிவிடும் இடங்களும் உண்டு. பலகையை விட்டுவிட்டு, தண்ணீர்ப் பானை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

எவ்வளவு உதவலாம்?

உதவவே கூடாது என்பது தவறான புரிதல். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டுவதை ஆராய்ந்து, பெரியவர் தரும் உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் எழும் வரை சாரம் வேண்டும், எழுந்த பின் கழற்றிவிட வேண்டும். நடைமுறையில் இதன் விதி எளிது: குழந்தை திணறினால் உதவியை ஒரு படி கூட்டுங்கள், செய்துவிட்டால் ஒரு படி குறையுங்கள்.

படிகள் எவை? மிகக் குறைந்த உதவி, சும்மா காத்திருப்பது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்கள் எட்டு சொல்வதற்குள் பாதிப் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிடும். அடுத்தது, வாயால் ஒரே ஒரு குறிப்பு: "கட்டைவிரலை உள்ளே விட்டு இழு." அதற்கடுத்தது, விரலால் சுட்டிக் காட்டுவது. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பொருளில் நீங்கள் மெதுவாகச் செய்து காட்டுவது. கடைசியாக, குழந்தையின் கை மேல் கை வைத்துச் சேர்ந்து செய்வது. நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, காத்திருப்பதிலிருந்து நேரே "குடு, நான் பண்ணித் தரேன்" என்பதற்குத் தாவிவிடுவது. நடுவில் இருக்கும் நான்கு படிகளில்தான் கற்றல் நடக்கிறது.

செய்து காட்டும்போது பேசாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையால் ஒரே நேரத்தில் உங்கள் கையையும் பார்த்து, உங்கள் பேச்சையும் பின்தொடர்வது கடினம். முதலில் சொல்லுங்கள்: "நான் செய்றேன், பாரு." பிறகு மௌனமாக, வழக்கத்தைவிட மூன்று மடங்கு மெதுவாகச் செய்யுங்கள். பிறகு பொருளைக் கையில் கொடுங்கள்.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

டிராயர் போடுவதை எடுத்துக்கொள்வோம். பெரியவருக்கு அது ஒரு வேலை, குழந்தைக்கு ஆறு வேலைகள். முன்பக்கம் எது என்று பார்க்க வேண்டும். இரு கைகளால் இடுப்புப் பட்டையை விரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு காலை விட வேண்டும். அடுத்த காலை வேறு துளையில் விட வேண்டும். முழங்கால் வரை இழுக்க வேண்டும். பின்பக்கம் மாட்டிக்கொள்ளாமல் இடுப்பு வரை ஏற்ற வேண்டும்.

முதல் படியிலிருந்து கற்பித்தால் குழந்தை முதல் படியிலேயே சிக்கிக்கொள்ளும், மிச்சத்தை நாம் முடித்துவைப்போம். "போட்டுட்டேன்" என்ற நிறைவு அதற்குக் கிடைக்காது. ஆகவே தலைகீழாக ஆரம்பியுங்கள். முதல் சில நாட்கள் நீங்களே தொடை வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். வேலையை முடித்தது அதன் கை. அது பழகியதும் முழங்காலில் விடுங்கள். பிறகு கணுக்காலில். பிறகு ஒரு காலை மட்டும் நீங்கள் விட்டு, மறு காலை அதனிடம் விடுங்கள். கடைசியில் தரையில் விரித்த டிராயர், முன்பக்கத்தில் ஒரு பூவோ பட்டனோ தைத்த அடையாளம், அவ்வளவு போதும்.

பெரும்பாலான பிள்ளைகள் தோற்பது ஒரே இடத்தில்தான். இரு கைகளாலும் முன்பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்கும், பின்பக்கம் புட்டத்தில் மாட்டிக்கொள்ளும். "ஒரு கை முன்னாடி, ஒரு கை பின்னாடி" என்று அதன் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் போதும், சிக்கல் தீரும். இன்னொன்று, நின்றுகொண்டு ஒற்றைக் காலில் சமநிலை பிடிப்பது இந்த வயதில் சிரமம். பதினைந்து செ.மீ. உயரப் பலகையில் உட்காரவைத்துவிட்டால் விழுமோ என்ற பயம் போய்விடும், கவனம் முழுக்க காலுக்கு வரும்.

முன்பக்கம் திறக்கும் சட்டைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சட்டையை உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். காலர் குழந்தையின் கால்விரல்களைத் தொட வேண்டும். குழந்தை குனிந்து இரு கைகளையும் கைத்துளைகளில் விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளும். சட்டை முதுகில் சரியாக வந்து விழும். காலரைத் தன் பக்கம் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்தால் சட்டை தலைகீழாகிவிடும், தவறு நடப்பது அங்கேதான். பட்டன் பிறகு வரும். பெரிய பட்டன்களை மூன்றரை, நான்கு வயதில் போடத் தொடங்குவார்கள். ஷூ லேஸ் கட்டுவது ஐந்து, ஆறு வயது வேலை. அதற்கு முன் லேஸ் ஷூ வாங்குவது, ஒவ்வொரு நாளும் ஆயாவைக் குனியவைப்பதற்கு மட்டுமே உதவும்.

எழுத்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று வயதில் "அ" எழுதவைக்க நோட்டும் பென்சிலுமாக மல்லுக்கட்டுபவர்கள், பட்டன் போடவும் மூடி திருகவும் பட்டாணி உரிக்கவும் அந்த விரல்களை விடுங்கள். பென்சிலைப் பிடிக்கத் தேவையான விரல் பலம் அங்கிருந்துதான் வருகிறது.

உயரமும் இடமும்

மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 95 செ.மீ. நான்கு வயதில் 103 செ.மீ. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு வகுப்பறையைச் சுற்றி வாருங்கள்.

பை மாட்டும் கொக்கி ஏறத்தாழ 100 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கை உயர்த்தினால் எட்டும், ஆனால் கண்ணுக்கு நேராக இருக்காது. கண் மட்டத்தில் கம்பிக் கொக்கி வைப்பது ஆபத்து. எந்த உயரத்திலும் கூர்மையான கம்பி வேண்டாம், உருண்டை முனை உள்ள மரக் குமிழ் போதும். கொக்கிக்கு மேல் பெயரோடு ஒரு படமும் ஒட்டுங்கள்: யானை, மாம்பழம், சைக்கிள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் முகவரி. கை கழுவும் தொட்டி 45 செ.மீ. சுற்றி இருந்தால் நல்லது. ஏற்கனவே உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்றால், ஆடாத, வழுக்காத ஒரு படி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். மூன்று, நான்கு வயதுக்கு 26 செ.மீ. உயர இருக்கை சரி. கால் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, கை வேலையும் தடுமாறும். தரையில் பாய் விரித்து உட்காரும் இடங்களில் இந்தக் கவலையே இல்லை.

அலமாரியில் பொருள் குறைவாக இருக்கட்டும். ஒரு தட்டில் ஒரு விளையாட்டு, இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி. இருபது பொம்மைகளை ஒரே கூடையில் கொட்டிவைத்துவிட்டு "எடுத்து வை" என்றால், எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது. வைக்க வேண்டிய இடத்தில் பொருளின் படத்தை ஒட்டினால் "எடுத்து வை" என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்.

சாப்பாடு

நம் வீடுகளில் ஊட்டிவிடுவது பாசத்தின் மொழி. நிலாவைக் காட்டி, கதை சொல்லி, பாட்டி ஊட்டிய சோற்றை யாரும் குறை சொல்லப் போவதில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்று வேளையும், நான்கு வயது வரையும், கையில் போனைக் கொடுத்து ஊட்டும்போது. வாய்க்குள் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்பது குழந்தைக்கே தெரியாமல் போகிறது. அப்படிப் பழகிய குழந்தை நர்சரியில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருக்கும்.

கையால் சாப்பிடுவதற்கும் ஒரு ஏறுவரிசை உண்டு. முதலில் விரலில் பிடிக்கும் உணவு: இட்லித் துண்டு, தோசைத் துண்டு, வாழைப்பழம், வேகவைத்த கேரட். அடுத்து ஒட்டிக்கொள்ளும் சாதம்: குழைந்த பருப்புச் சாதம், கெட்டியான தயிர் சாதம். பிறகு சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசி. உதிரியான எலுமிச்சைச் சாதம் பார்க்க எளிது போலத் தோன்றும், ஆனால் பருக்கை விரலிடுக்கில் சிதறுவதால் மூன்று வயதுக்குக் கடினம். முதல் வாரத்திலேயே ரசம் சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு, "சட்டையெல்லாம் கொட்டிக்கிறான்" என்று நொந்துகொள்ள வேண்டாம்.

தட்டுக்கு உயர்ந்த விளிம்பு வேண்டும். விளிம்பில் சாதத்தை ஒதுக்கித்தான் பிள்ளைகள் அள்ளுவார்கள். முதலில் இரண்டு கரண்டி மட்டும் வையுங்கள். மலையாகக் குவித்த தட்டு குழந்தையை மலைக்கவைக்கும். முடித்துவிட்டு "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பதும் ஒரு திறமை. அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் சொன்ன பங்கீடு இங்கே நன்றாகப் பொருந்தும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்பது அந்தப் பங்கீட்டை உடைத்துவிடும்.

டிபன் பாக்ஸ் பற்றி ஒரு நுணுக்கம். சூடான சாதத்தைப் போட்டு உடனே இறுக்கி மூடினால், உள்ளே இருக்கும் ஆவி ஆறும்போது அழுத்தம் குறைந்து மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மதியம் பெரியவர்களே முக்கித் திறக்கும் மூடியைக் குழந்தை எப்படித் திறக்கும்? பத்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். புதிய பாக்ஸையும் பாட்டிலையும் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்து, அதிலேயே சாப்பிட்டுக் குடிக்கவையுங்கள். ஐந்து முறை முயன்றும் திறக்க முடியாத பாக்ஸ் அந்தக் குழந்தைக்கானது இல்லை.

தண்ணீர் ஊற்றப் பழக்குவதற்கு: இரண்டு சிறிய ஜக், ஒவ்வொன்றும் கால் லிட்டருக்கு மேல் வேண்டாம். முதலில் உலர்ந்த கொண்டைக்கடலை அல்லது அரிசியை ஒன்றிலிருந்து மற்றதில் ஊற்றட்டும், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூக்கிலும் காதிலும் கடலையைப் போட்டுக்கொள்ளும் வயது இது. அது வசப்பட்டதும் அரை ஜக் தண்ணீர். ஒரு கை பிடியில், மறு கை ஜக்கின் வாய்க்குக் கீழே. டம்ளரில் நிறுத்த வேண்டிய அளவுக்கு வண்ண டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். கோடு இல்லாவிட்டால் குழந்தை வழியும் வரை ஊற்றும், எங்கே நிறுத்துவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே. பக்கத்தில் ஒரு சின்னத் துணி வையுங்கள். சிந்தினால் துடைப்பதும் பாடத்தில் சேர்த்தி. எவர்சில்வர் டம்ளர் நல்லது. ஓரளவு கனம் இருப்பதால் தட்டுப்பட்டதும் சாயாது, விழுந்தாலும் உடையாது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடின மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு ஆகியவை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தொண்டையை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீர்கூடச் சிறு குழந்தை மூழ்கப் போதுமானது.

1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடிகளில் பிள்ளைகளுக்கு உணவு தரப்படுகிறது. தட்டை எடுத்து வருவது, வரிசையில் உட்காருவது, தானே சாப்பிடுவது, தட்டைக் கொண்டுபோய்ப் போடுவது என்று தற்சார்புக்கான முழுப் பயிற்சியையும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் வைக்க முடியும். டை கட்டிய நர்சரியைவிட இந்த விஷயத்தில் அங்கன்வாடிக்கு வாய்ப்பு அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பணியாளர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

கழிப்பறை

எப்போது தயார்? இரண்டு மணி நேரம்வரை நனையாமல் இருக்கிறது, வருவதற்கு முன்பே முகத்திலோ சொல்லிலோ காட்டுகிறது, டிராயரைக் கீழே இறக்க முடிகிறது, சொன்ன சின்ன வேலையைச் செய்கிறது. இவை தெரிந்தால் தயார். சிலருக்கு இரண்டு வயதில், சிலருக்கு மூன்று தாண்டி. "அட்மிஷனுக்கு டயப்பர் விட்டிருக்கணும்" என்று நிபந்தனை போடும் நர்சரிகள், பெற்றோரை அவசரப்படுத்தி, பாதியில் குழப்பிய பிள்ளையைத்தான் பெறுகின்றன.

நர்சரியில் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போக மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பயம். இருட்டு, நாற்றம், ஃபிளஷின் சத்தம், இந்தியன் டாய்லெட் துளைக்குள் விழுந்துவிடுவோமோ என்ற எண்ணம். முதல் நாளே எல்லோரையும் கூட்டிப்போய், விளக்கு சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே, கால் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். கால் வைக்கும் இடத்தில் பாத வடிவத்தைப் பெயிண்டால் வரைந்துவையுங்கள். ஃபிளஷைக் குழந்தை வெளியே வந்த பிறகு இழுக்கலாம். பெரிய மக் வேண்டாம். நிரம்பிய ஒரு லிட்டர் மக்கை மூன்று வயதுக் கையால் ஒற்றையாகத் தூக்க முடியாது. அரை லிட்டருக்குக் குறைவான மக் வையுங்கள்.

"மிஸ், ஒன்னுக்கு" என்று விரல் காட்டி அனுமதி கேட்டு, அதற்குப் பதிலாக "இப்பதானே போன, உட்காரு" என்று வாங்கும் குழந்தை அடக்கப் பழகும். மலத்தை அடக்கினால் அது இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலித்ததால் இன்னும் அடக்கும். பல மலச்சிக்கல்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. இந்த வயதில் கழிப்பறைக்கு அனுமதி தேவைப்படக் கூடாது, தகவல் போதும். வந்ததும், நொறுக்குத் தீனிக்கு முன், சாப்பாட்டுக்கு முன், தூங்கி எழுந்ததும் என நான்கு வேளை எல்லோருக்கும் நினைவூட்டுங்கள். நடுவில் யார் கேட்டாலும் அனுப்புங்கள்.

உடுப்பு எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். பெல்ட்டும் கொக்கியும் கொண்ட சீருடையை ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு விதிப்பது தவறு. வந்த பிறகு சொல்லும் வயதில், சொன்ன பிறகு பெல்ட்டை அவிழ்க்கும் நேரம் அவர்களுக்கு இல்லை. பையில் மாற்று உடுப்பு இரண்டு செட் இருக்க வேண்டும்.

நனைத்துவிட்டால் சொல்ல வேண்டியது இவ்வளவே: "நனைஞ்சிடுச்சா? வா, மாத்திக்கலாம்." அந்தக் குழந்தையையே ஈரத்தைக் கழற்றி, கவரில் போட, புதியதை எடுத்துப் போட விடுங்கள். தண்டனையாகச் செய்யவைக்கக் கூடாது, முடிந்த பகுதியை அது செய்யும், மிச்சத்தை நீங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் வைத்து "சீ, பாரு" என்பதற்கு ஒருபோதும் இடமில்லை.

கழுவிக்கொள்வதை நான்கு வயது வாக்கில் தொடங்கலாம். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னோக்கிக் கழுவக் கற்றுக்கொடுங்கள், சிறுநீர்த் தொற்றைத் தவிர்க்க இது முக்கியம். ஐந்து, ஆறு வயது வரை பெரியவர் சரிபார்ப்பது தேவைதான். அந்த உதவியை யார் செய்வார் என்பது குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொடுவதற்கு முன் "கழுவி விடட்டுமா?" என்று கேளுங்கள். உன் உடம்பைத் தொட உன்னைக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கேள்வியிலேயே பதிந்துவிடும்.

கை கழுவுவதில் சொல்ல அதிகம் இல்லை. சோப்புப் போட்டு 20 நொடி தேய்க்க வேண்டும். நொடி கணக்குத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பாட்டு அளவாக அமையும். ஒரு சோப்பை நான்காக வெட்டிக் கொடுத்தால் கையை விட்டு நழுவாது. செருப்புக்கு இடம் வலம் தெரிய, ஒரு ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி இரண்டு செருப்பின் உள்பக்க ஓரத்திலும் ஒட்டுங்கள். சேர்த்து வைத்தால் படம் முழுமையாகும்.

நேரம்

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பது நியாயமான கேள்வி. 2013இன் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுவரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்ற அளவைச் சொல்கிறது. அந்த அளவிலேயே இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு மாட்டினால் கலவரம்தான்.

இரண்டு மாற்றங்கள் உதவும். ஒன்று, செருப்பு, சாப்பாடு, கழிப்பறை இவற்றைப் பாடங்களுக்கு நடுவே வரும் இடைஞ்சலாக நினைக்காமல், கால அட்டவணையில் பாடமாகவே எழுதுங்கள். கிளம்பும் முன் பதினைந்து நிமிடம் "செருப்பு, பை" என்றே இருக்கட்டும். இரண்டு, நான்கைந்து பேராக அனுப்புங்கள். ஒரு குழு கை கழுவும்போது மற்றவர்கள் பாட்டுப் பாடலாம். முதல் மாதம் மெதுவாகத்தான் போகும். மூன்றாம் மாதத்தில் ஆயாவுக்கு வேலை குறையும். ஆகவே ஒரே வாரத்தில் எல்லாத் திறமைகளையும் தொடங்க வேண்டாம், வகுப்புக்கு ஒரு நேரத்தில் ஒன்று. தண்ணீர் பாட்டிலில் தொடங்குவது நல்லது. நாளுக்குப் பல முறை பயிற்சி கிடைக்கும்.

என்ன பேசுவது?

தமிழில் "கை கழுவலாமா?" என்பது அழைப்பும் கேள்வியுமாக இருக்கிறது. குழந்தை அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு "வேணாம்" என்றால் அது தவறில்லை. செய்தே ஆக வேண்டியதைக் கேட்காதீர்கள், சொல்லுங்கள்: "கை கழுவுற நேரம்." தேர்வை அதற்குள் வையுங்கள்: "இந்தக் குழாயா, அந்தக் குழாயா?" இரண்டு தேர்வுகள் போதும், இரண்டும் உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்க வேண்டும். "என்ன வேணும்?" என்று திறந்துவிட்டால் மூன்று வயது திகைக்கும், அல்லது இல்லாததைக் கேட்கும்.

பாராட்டும்போது "சமத்து", "குட் பாய்" என்பதோடு நிற்காமல், செய்ததைச் சொல்லுங்கள்: "பின்பக்கத்தையும் இழுத்துவிட்டுட்டியே." எதனால் வந்தது என்று குழந்தைக்குத் தெரிந்தால்தான் நாளை மறுபடி செய்யும். "பாரு, ஹரிணி போட்டுட்டா, நீ இன்னும் போடலை" என்று ஒப்பிடுவது, வேகமான பிள்ளைக்குக் கர்வத்தையும் மெதுவான பிள்ளைக்கு வெறுப்பையும் கொடுக்கும், செருப்பு மட்டும் காலில் ஏறாது.

எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் நம்பிக்கையைக் குலைப்பது ஒன்று உண்டு. குழந்தை மடித்த துண்டைக் கண்முன்னே பிரித்து மறுபடி மடிப்பது. துடைத்த மேசையை உடனே துடைப்பது. சரிசெய்தே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகள் போன பிறகு செய்யுங்கள்.

வீட்டோடு சேர்ந்து

நர்சரியில் தானே சாப்பிடும் குழந்தை வீட்டில் வாயைத் திறந்துகொண்டு உட்காருவது சாதாரணம். அதை நடிப்பு என்று கடிந்துகொள்ள வேண்டாம். வீட்டில் பாட்டி ஊட்ட விரும்பினால் இரவுச் சாப்பாட்டை ஊட்டட்டும், காலை இட்லியைக் குழந்தை தானே சாப்பிடட்டும் என்று பேசிவைத்துக்கொள்ளலாம். எந்தத் திறமை, எந்தப் படி என்று டயரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "டிராயரை முழங்காலிலிருந்து ஏற்றிக்கொள்கிறாள். அங்கிருந்து விட்டுவிடுங்கள்." வீட்டில் ஒரு சொல், பள்ளியில் ஒரு சொல் என்று இருந்தால் குழந்தை குழம்பும். ஒன்றுக்குப் போவதற்கு வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "சூச்சு" என்று சொல்லும் பிள்ளையைப் புரியாமல் உட்காரவைத்தால் விளைவு தரையில் தெரியும்.

காலையில் விட்டுச் செல்லும்போது ஒளிந்து போகாதீர்கள். "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று குழந்தைக்குத் தெரிந்த நிகழ்வோடு சேர்த்துச் சொல்லி, ஒரு முத்தம், டாட்டா, கிளம்பிவிடுங்கள். "மூணு மணிக்கு" என்பது அதற்குப் புரியாது. கண்மறைவாகப் போனால், அடுத்த நாள் அம்மாவின் புடவையைக் கண்காணிப்பதே அதன் முழு வேலையாகிவிடும், செருப்பிலும் பையிலும் கவனம் போகாது.

பேச்சு தாமதமான, கை கால் தளர்ந்த, வேறு ஏதேனும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் முறை இதுதான். படிகளை இன்னும் சின்னதாக உடைக்க வேண்டும். தடித்த பிடியுள்ள ஸ்பூன், படங்களைக் காட்டிக் கேட்கும் அட்டை போன்றவை சேரும். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிடுகிற ஆசை நமக்கு அதிகம் வரும், அங்கேதான் அதிகம் நிதானம் வேண்டும்.

கற்றது சில நாள் காணாமல் போகும். தம்பி பாப்பா பிறந்தால், காய்ச்சல் வந்து போனால், வீடு மாறினால், பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பினால், சென்ற வாரம் வரை தானே போட்ட டிராயரை "நீ போட்டு விடு" என்று நீட்டும். ஒரு படி கீழே இறங்கி உதவுங்கள், கடைசி இழுப்பை மட்டும் அதனிடமே விடுங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழையபடி வந்துவிடும். அசந்துபோன, உடம்பு சரியில்லாத, பயந்துபோன குழந்தைக்கு அன்று முழுக்கச் செய்துகொடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென அடிக்கடி நனைக்கத் தொடங்கினால், எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம், எடைக் குறைவு இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், அது பிடிவாதம் என்று நினைத்துத் தாமதிக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ சர்க்கரை நோயோ காரணமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிய சொற்களையோ பழகிய கை வேலைகளையோ குழந்தை இழந்துகொண்டே வந்தாலும் அப்படியே. எந்தத் தேதியிலிருந்து, எது நின்றது என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.